பரணில் உறங்கும் ரயில்

 

சென்ற விடுமுறையின்போது பொதட்டூர்பேட்டையில் ஒரு நண்பரின் இல்லத்தில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் அது. தெருவில் நடந்தால் தறியின் ஓசை கூடவே வரும். ரயிலைப் பார்க்க வேண்டுமானால் வெளியூர்தான் செல்ல வேண்டும். ஆயினும் அந்த வீட்டில் அன்று ஒரு ரயிலைப் பற்றித்தான் பேச்சு.

வளைகுடாவில் பணிபுரியும் நண்பரின் மகன், முந்தைய விடுப்பில் வந்தபோது தம் பையனுக்கு ஒரு மின்சாரப் பொம்மை ரயில் வாங்கி வந்திருந்தார். ஒரு மாதம் ஓடிய ரயில் பிறகு நின்றுவிட்டது. பெட்டியோடு பரணுக்குப் போயிற்று. இரண்டாண்டுகள் கழித்து இப்போது வந்திருக்கும் தந்தையிடம் பையன் அதிகம் பேசவில்லை. "அடுத்த முறை இதைவிடப் பெரியதாக வாங்கி வருகிறேன்" என்றார் தந்தை. பையன் தலையை மட்டும் அசைத்தான்.

வாழ்நாளெல்லாம் தறியோடு பழகிய என் நண்பர் குறுக்கிட்டார். "தறி நின்றால் புதுத் தறியா வாங்குகிறோம்? எந்த இடத்தில் கோளாறு என்று தேடுகிறோம். பெட்டியை இறக்குங்கள். இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடுங்கள்" என்றார்.

பெட்டி இறங்கியது. பழைய செய்தித்தாளை விரித்துத் தந்தையும் மகனும் அமர்ந்தனர். அன்று நான் அருகிருந்து கண்டதையும், இத்துறை பற்றிப் படித்தறிந்ததையும் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

இவ்வகை ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. ஒரு தண்டவாளத்தில் நேர்மின்னும் மற்றதில் எதிர்மின்னுமாக, பெரும்பாலும் 12 வோல்ட் அளவில் பாயும். எஞ்சினின் சக்கரங்கள் அதை ஏந்தி உள்ளிருக்கும் மோட்டாருக்குக் கொடுக்கின்றன. நேரும் எதிரும் இடம் மாறினால் ரயில் பின்னோக்கி ஓடும். ஆகவே தண்டவாளத்திலோ சக்கரத்திலோ கறுப்புப் படலம் படிந்துவிட்டால் மின்சாரம் தடைப்படும். பழுதுகளில் மிகுதியானது இதுதான்.

மருந்து எளியது. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் தண்டவாளத்தின் மேற்புறத்தைத் தேய்த்து, நூல் பிரியாத துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அதனால் உண்டாகும் கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகச் சேரும். தண்டவாளத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். அச்சுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி, அதுவும் ஊசி முனையால் தொட்டு வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஆகாது. நாளடைவில் பிசினாகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். அடுத்தது மோட்டார். மிக்ஸியில் கார்பன் தேய்ந்துபோவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அதைப் போன்ற சின்னஞ்சிறு கார்பன் பல ரயில் மோட்டார்களிலும் உண்டு, தேய்ந்தால் மாற்றலாம். ஆனால் வீட்டு மின்சாரத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது.

அந்தப் பையனின் ரயிலில் தண்டவாளம் கறுத்திருந்தது. அதோடு, எஞ்சினின் அச்சைச் சுற்றி ஒரு நூல் இறுகிக் கிடந்தது. ஆம், தறி நூல்தான்! பையன் சாமணத்தால் அதைச் சிறிது சிறிதாகப் பிடுங்கினான். தந்தை விளக்கைப் பிடித்துக் கொண்டார். மாலை அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் எஞ்சின் ஒருமுறை உறுமி, நகர்ந்தது. "அத்தா, ஓடுது!" என்று அவன் கூவியதை வீடே கேட்டது.

இதில் சுவை கண்டவர்கள் உலகெங்கும் உள்ளனர். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-ஆம் ஆண்டிலேயே பொம்மை ரயில்களுக்கு ஒழுங்கான தடஅளவுகளை வகுத்தது. இங்கிலாந்தின் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்களை வெளியிட்டார். இன்று பரவலாக உள்ள ஒரு வகையில் தண்டவாளங்களுக்கு இடைவெளி 16.5 மில்லிமீட்டர், வண்டி, மெய்யான ரயிலில் 87-இல் ஒரு பங்கு. புது வகை எஞ்சின்களுக்குத் தனித்தனி எண் கொடுத்து, ஒரே தடத்தில் பலவற்றைத் தனித்தனியே இயக்கவும் முடிகிறது.

நம் நாட்டில் புனே நகரின் கோத்ரூடில் பாவ்சாஹேப் ஜோஷி என்பவர், இளமையில் பற்றிக்கொண்ட இந்த ஆர்வத்தை விடாது வளர்த்து, 1998-இல் சிறு ரயில்களுக்கென ஓர் அருங்காட்சியகமே அமைத்தார். நிலையங்கள், சிக்னல்கள், மேம்பாலங்கள் கொண்ட ஒரு குட்டி நகரம் அங்கே இயங்குகிறது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்கள், சென்னையில் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை ஒட்டி 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

பழைய ரயில் வீட்டில் இருந்தால் அதற்குப் புது வண்ணம் பூசிவிடாதீர்கள். பழைய வண்ணமும் அட்டைப் பெட்டியும் இருந்தால்தான் சேகரிப்போர் மதிப்பார்கள். பேட்டரியைக் கழற்றி வைக்கவும் மறவாதீர்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும்.

விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை பாடா என்று சிலர் கேட்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களிடையே துணிச் சிறகு வைத்த குதிரையைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அது என்னவென்று கேட்டு, அவர் கூறிய விடை கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள் என்று ஹதீஸ் நூலில் காண்கிறோம். அவர்களே தம் செருப்பைத் தைத்தும், ஆடையை ஒட்டுப்போட்டும் பயன்படுத்தினார்கள். பிள்ளையின் விளையாட்டைக் கேட்டறிவதும், பழுதானதைக் கையால் சீர்செய்வதும் நமக்குப் புதியவை அல்ல.

பெரும் பொருள் செலவிட்டு வாங்கி வந்த நாளில் அந்த ரயில் தந்தையையும் மகனையும் நெருங்க வைக்கவில்லை. பழுதான பிறகே நெருங்க வைத்தது. விடுப்பு முடிந்து தந்தை சென்றுவிட்டார். இப்போது ரயில் நின்றால் பையன் தானே துடைத்துப் பார்க்கிறான். முடியாதபோது தொலைபேசியில் அத்தாவிடம் கேட்கிறானாம். முன்பெல்லாம் பேசச் சொன்னால் ஓடி ஒளிந்தவன் அவன்!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு பெட்டி இருக்கலாம். வரும் ஞாயிறன்று அதை இறக்குங்கள். பிள்ளையையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.