பத்து நாள் பார்க்கலாமாம்!

நாய் கடித்தவனைச் சுற்றி நின்று யோசனை சொல்ல நம் தெருக்களில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மஞ்சளை அப்பு என்பாள் பாட்டி. அவளையாவது மன்னித்துவிடலாம். "பத்து நாள் நாயைப் பார்ப்போம்; அது சாகாவிட்டால் ஊசி எதற்கு?" என்று சாய்வு நாற்காலியிலிருந்து தீர்ப்புச் சொல்கிறாரே படித்த கனவான், அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இது நிதானம் அல்ல. அடுத்தவன் உயிரைப் பணயம் வைத்து ஆடுகிற சூதாட்டம்.

பத்து நாள் கணக்கு வைத்தியர்கள் சொன்னதுதான். ஆனால் அவர்கள் சொன்னது என்ன? ஊசியை இன்றே ஆரம்பி. பத்து நாள் கழித்தும் நாய் சுகமாக இருந்தால் நிறுத்திக்கொள் என்பது. கனவான் அதைத் தலைகீழாக்கிவிட்டார்.

அப்படியென்ன அவசரம் என்கிறீர்களா? ரேபீஸ் கிருமி நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓசையின்றி மூளையை நோக்கி நடக்கிறது. உடம்பின் காவலுக்குச் சேதி எட்டுவதில்லை. தடுப்பூசிதான் அந்தச் சேதி. சேதி கிடைத்த மறுகணமே படை கிளம்பிவிடுமா? எண்ணற்ற வெள்ளை அணுக்களில் இந்தக் கிருமிக்கு ஏற்றவை மிகச் சில. அவை விழித்து, பெருகி, எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்க ஏழு முதல் பத்து நாளாவது ஆகும். அதுவரை காவல் காக்கத்தான், தோல் கிழிந்த காயத்தில் வேறு உடம்பில் விளைந்த எதிர்ப்புப் புரதத்தை இரவலாகச் செலுத்துகிறார்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் இரவல் வேண்டாம்; சொந்தப் படை வந்துவிடும்.

ஆக, உடம்பு தானே ஒரு வாரத் தவணை கேட்கிறது. அதன்மேல் நாம் பத்து நாள் தவணை வேறு கொடுப்பதா? தண்ணீரைக் கண்டு மிரளத் தொடங்கியபின் ஊசி போடுவது, ஊர் கொள்ளைபோன பிறகு காவலுக்கு ஆள் தேடுவது. அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகமிகச் சிலர்.

1885-ல் அல்சேஸ் பிரதேசத்தில் 9 வயது ஜோசப் மெய்ஸ்டரை வெறிநாய் கடித்தது. இரண்டே நாளில், ஜூலை 6-ந் தேதி, அவன் தாய் அவனைப் பாரிஸில் லூயி பாஸ்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அதுவரை எந்த மனிதனையும் காப்பாற்றியதாகப் பெயர் வாங்காத மருந்து அது! பையன் பிழைத்தான். பாஸ்டர் பெயரிலேயே 1907-ல் நம் குன்னூரில் நிலையம் வந்தது. இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்.

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயை, யோசனை சொன்ன கனவான் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். அவருக்குத்தான் அவகாசம் இருக்கிறது.