துப்பு கொடுத்தவருக்கு ரொக்கப் பரிசு... பெயர் கணக்கில் ஏறுமா? - அமெரிக்க வரி விதி சொல்வது என்ன?

யுனைடெட்ஹெல்த்கேர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் தாம்சன், 2024 டிசம்பர் 4-ம் தேதி நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பு கொடுப்பவருக்கு நியூயார்க் காவல்துறை தரப்பில் 10,000 டாலர் வரையும், எஃப்.பி.ஐ. தரப்பில் 50,000 டாலர் வரையும் பரிசு அறிவிக்கப்பட்டது. ஐந்தே நாளில், பென்சில்வேனியாவின் அல்டூனா நகரில் மெக்டொனால்ட்ஸ் ஊழியர் ஒருவர் கொடுத்த தகவலின் பேரில் சந்தேக நபர் கைதானார்.

'அந்தப் பணம் யாருக்குக் கிடைக்கும்?' என்று அப்போது பலரும் கேட்டார்கள். இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இப்படிக் கொடுக்கும் பணத்தை எந்தக் கணக்கில், யார் பெயரில் எழுதுவார்கள்?

பொதுவான விதி என்ன?

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தனிநபருக்குப் பரிசு, கட்டணம் போன்றவற்றைக் கொடுத்தால், அதைப் படிவம் 1099 மூலம் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பெறுபவரின் பெயர், முகவரி, வரி அடையாள எண் எல்லாம் அதில் இருக்கும். பல்லாண்டுகளாக 600 டாலராக இருந்த இதற்கான வரம்பு, 2026 முதல் 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது.

துப்பு கொடுப்பவருக்கு மட்டும் ஏன் விலக்கு?

குற்றம் பற்றிய தகவலுக்குத் தரப்படும் பரிசுக்கு இந்தப் படிவம் தேவையில்லை என்று வரி ஒழுங்குமுறை 1.6041-3 சொல்கிறது. ஆனால் பணம் கொடுப்பது மத்திய, மாநில, உள்ளாட்சி அரசு அமைப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அரசின் சுமையைக் குறைக்கும் நோக்கத்தில் இயங்கும் 501(சி)(3) வகை அறக்கட்டளையாக இருக்க வேண்டும்.

காரணம், உயிர் பயம். 1976-ல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் தொடங்கிய 'கிரைம் ஸ்டாப்பர்ஸ்' திட்டமே, பெயர் கேட்காமல் ஒரு எண்ணை மட்டும் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் நிற்கிறது. அந்த எண்ணைச் சொல்லித்தான் பரிசையும் வாங்குவார்கள். பெயர் எழுதிய ஒரு தாள் எங்காவது இருந்தால், அது கசியவும் வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் யார் போன் எடுத்துத் தகவல் சொல்வார்கள்?

அப்போ வரியே கட்ட வேண்டாமா?

அப்படி இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். விலக்கு, பணம் கொடுப்பவர் படிவம் அனுப்புவதற்கு மட்டும்தான். தகவலுக்காகப் பரிசு வாங்கினால் அதை வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்று வரித்துறையின் 525-ம் எண் வெளியீடு தெளிவாகச் சொல்கிறது. படிவமே இல்லாததால், அதைக் காட்டுவதும் காட்டாததும் பெரும்பாலும் வாங்கியவரின் நேர்மையைப் பொறுத்தது. துப்பு கொடுத்தவரின் பாதுகாப்புக்காக அரசு கொடுக்கும் விலை இது.

தனியார் கொடுத்தால்?

ஒரு கடையோ காப்பீட்டு நிறுவனமோ நேரடியாகப் பரிசு கொடுத்தால் இந்த விலக்கு கிடையாது. தொகை வரம்பைத் தொட்டால் படிவம் 1099 கட்டாயம், பெயரும் பதிவாகும். அதே குற்றம், அதே துப்புதான். ஆனால் பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து, துப்பு கொடுத்தவர் மறைந்திருப்பாரா இல்லையா என்பது மாறிவிடுகிறது.

கணக்குக்கு யார் பொறுப்பு?

அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கான படிவம் 990-ஐ யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் துப்பு கொடுத்தவரின் பெயர் அதில் வராது. பெயர் இல்லாமல் ரொக்கம் கைமாறும் இடத்தில் முறைகேட்டுக்கும் வழி உண்டு. அதனால்தான் தகவல் எண், காவல்துறையின் உறுதிச் சான்று, பரிசுத் தொகையை முடிவு செய்யும் குடிமக்கள் குழுவின் ஒப்புதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவது முக்கியம். பெயரை மறைக்கலாம், தொகையை மறைக்கக் கூடாது. அங்கே ஓட்டை விழுந்தால், நன்கொடை கொடுப்பவர்களின் நம்பிக்கையும் போய்விடும், பரிசு கொடுக்கப் பணமும் இருக்காது.