வெண்பாக்கத்தில் கிடைத்த விடை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டை முடித்துவிட்டு, உருக்காலையின் வெக்கை இன்னும் உடம்பை விட்டு அகலாத நிலையில் காலை மின்சார ரயிலுக்குக் காத்து நிற்கும் தொழிலாளி ஒருவரிடம், கடவுள் கைவிடமாட்டார் என்று உபதேசம் செய்வது யாருக்கும் எளிது. ஆனால், பிள்ளையின் நோய் தீர வேண்டி வேண்டி, பிரார்த்தனைக்குப் பதிலாக மௌனத்தையே பெற்றுச் சலித்த மனத்துக்கு, அவ்வுபதேசம் உன் பக்தி போதவில்லை என்ற குற்றச்சாட்டாகவே போய்ச் சேருகிறது. அத்தகைய மனத்துக்கு உற்ற துணை கவிதையே என்பது என் துணிபு. அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை, இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் இருக்கிறது.

திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய கணத்திலேயே இரு கண்களின் ஒளியையும் இழந்தார் என்பது சேக்கிழார் சொல்லும் வரலாறு. ஆவடிக்கு அருகே, இன்று ரயில் பெட்டிகளின் ஜன்னல் வழியே பெயர்ப்பலகையாக மட்டும் பலருக்கு அறிமுகமான திருமுல்லைவாயிலில், சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைப் பறித்துக்கொண்டதை இறைவனிடமே சொல்லி, துயர் களைய வேண்டினார், களையவில்லை. வழி தடவித் திருவெண்பாக்கத்துக்கு வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டார். தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவருக்குக் கிடைத்த விடை, இருக்கிறோம், நீர் போம் என்பதே. கூடவே ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்!

அந்த வறண்ட விடையைச் சுந்தரர் மறைக்கவில்லை. பிழையைப் பொறுப்பார் என்று நம்பித் தாம் பிழை செய்ததையும் ஒளிக்காமல், அவ்விடையையே பாட்டுக்குப் பாட்டு முடிவாக வைத்து ஒரு பதிகமே பாடிவிட்டார். அதை நம் முன்னோர் நிந்தை என்று ஒதுக்காமல் ஏழாம் திருமுறையில் சேர்த்து, இறைவன் சந்நிதியிலேயே ஓதும் மரபையும் வகுத்தார்கள். மனத்தாங்கலுக்கும் வழிபாட்டில் இடமுண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சாஸ்திரம் சொல்லிவிட முடியும்?

ஊன்றுகோலே கவிதைக்கு உவமை என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் தலபுராணம் இடங்கொடுக்கவில்லை. அந்தக் கோலை அவர் சினந்து வீசியதாகவும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாகவும் ஊரார் சொல்கிறார்கள். கொம்பொடிந்த நந்தி இன்றும் ஊன்றீசுவரர் கோயிலில் இருக்கிறது. பழைய கோயில் இருந்த வெண்பாக்கம், சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகரத்தின் நீர்ப்பரப்புக்குள் போய்விட, மூர்த்திகள் பூண்டிக்கு எழுந்தருளின.

பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் சுந்தரருக்குத் திரும்பின. கதை சொல்வோர் அந்தச் சுபமான முடிவுக்கு விரைந்து ஓடிவிடுகிறார்கள்; அதுதான் எனக்கு உடன்பாடில்லை. வெண்பாக்கத்துப் பாட்டைப் பாடியபோது காஞ்சியில் கண் வரும் என்று அவருக்குத் தெரியாது. முடிவு தெரியாத ஒருவர் இருட்டில் நின்று பாடியதாகையால்தான், முடிவு தெரியாமல் தவிக்கும் இன்னொருவருக்கு அது துணையாகிறது.

மதகு திறந்த செய்தி வந்தால் பூண்டிக்குத் திரளும் கூட்டத்தில் கோயிலுக்குள் நுழைவோர் சிலரே. நுழைவோருக்கேனும் அப்பதிகத்தை ஓர் ஓதுவார் பாடி, அதன் பொருளை எளிய தமிழில் கால்மணி நேரம் எடுத்துரைக்க அறநிலையத்துறை ஏற்பாடு செய்யலாம். சிப்காட்டுக்குப் பிழைக்க வந்த ஒடிசாக்காரர்களும் அதைக் கேட்க நேர்ந்தால் அந்நியமாக உணரமாட்டார்கள். கண்பார்வை அற்றவர் என்று மரபு சொல்லும் கவிஞர் பீம போய் அவர்கள் மொழியில் பாடியவர்தாமே.