ஸ்டெப்னிக்கு விலை பேசுகிறார்கள்

மார்ச் பிறந்தால் பிலடெல்பியாவில் ஒரு பேச்சு கிளம்பும். ஈகிள்ஸ் அணி தன் பேக்கப் குவாட்டர்பேக்கை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு, கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நல்ல இடம் ஒன்றை வாங்கிக்கொண்டால் என்ன? டெலவர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியின் செர்ரி ஹில்லில் இருந்துகொண்டு கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஜெயிக்கிற அணி விற்கக் கூடாது. என் வீட்டுக்காரர் டெக்சஸில் படித்தவர், ஈகிள்ஸின் பரம எதிரியான டல்லாஸ் அணியின் ரசிகர். விற்கத்தான் வேண்டும் என்கிறார். ஈகிள்ஸுக்கு நல்லது நினைத்து அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போவது குவாட்டர்பேக் கைக்கு. யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று இரண்டு மூன்று நொடியில் அவர் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் 120 கிலோ ஆட்கள் அவர்மேல் பாய்ந்துகொண்டிருப்பார்கள். மற்ற பல இடங்களில் ஆள் மாறி மாறி இறங்குவார்கள்; இங்கே ஒருவர்தான். பயிற்சியிலும் பெரும்பங்கு அவருக்கே. இரண்டாமவர் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஸ்டெப்னி வெறும் சுமைதான்.

2017 டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சலிஸ். ஈகிள்ஸின் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தப் பருவத்தில் அணிக்கு அது பதினோராவது வெற்றி. ஆனால் ஊரே துக்க வீடாகிவிட்டது. உள்ளே இறங்கியவர் நிக் ஃபோல்ஸ். 2015-இல் இதே ஈகிள்ஸ் ராம்ஸ் அணிக்கு அனுப்பிவிட்ட ஆள். அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டு, ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். அடுத்த பிப்ரவரியில் மினியாபோலிஸில் டாம் பிரேடியின் பேட்ரியட்ஸை 41–33 என்று வீழ்த்தி, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஈகிள்ஸுக்கு முதல்முறையாக வாங்கிக் கொடுத்தார்.

அந்த வசந்தத்தில் கிளீவ்லாந்து அணி அவரைக் கேட்டதாகச் செய்தி வந்தது. விலை, டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் வரும் 35-ஆவது இடம். ஈகிள்ஸ் மறுத்தது. எதிர்வாதக்காரர்கள் இந்த இடத்தில் மடக்குவார்கள்: அந்த 35-ஆவது இடத்தில் கிளீவ்லாந்து எடுத்தது நிக் சப்பை. 2019 முதல் 2022 வரை நான்கு பருவமும் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடியவர். நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மார்ச்சில் ஈகிள்ஸுக்குக் கொடுக்க வந்தது சப்பை அல்ல, பெயர் எழுதாத ஒரு சீட்டை. இரண்டாம் சுற்றில் எடுத்து இரண்டு வருடத்தில் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

2018 டிசம்பரில் வென்ட்ஸுக்கு முதுகு போனது. ஃபோல்ஸ் கடைசி மூன்று ஆட்டங்களையும் ஜெயித்து, பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றில் சிகாகோவை 16–15 என்று தாண்டினார். அடுத்து நியூ ஆர்லியன்ஸில் தோற்றார்கள். 2019-இல் அவர் ஜாக்சன்வில்லுக்குப் போனபோதும் ஈகிள்ஸ் வெறுங்கையோடு நிற்கவில்லை. லீக் விதிப்படி ஈடாக மூன்றாம் சுற்று இடம் ஒன்று வந்தது.

அதன்பின் நடந்ததுதான் என் கட்சிக்கு வலு. 2020 ஜனவரி, சியாட்டிலோடு பிளேஆஃப். வென்ட்ஸுக்குத் தலையில் அடி. இறங்கியவர் ஜோஷ் மக்கவுன், வயது 40. ஓய்வு அறிவித்துத் தொலைக்காட்சி வேலைக்குப் போகவிருந்தவரை ஆகஸ்டில் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். தொடைத் தசை கிழிந்தும் நின்று ஆடினார் பாவம். 17–9, முடிந்தது. மூன்று மாதம் கழித்து நடந்த டிராஃப்டில் ஈகிள்ஸ் தன் இரண்டாம் சுற்று இடத்தைச் செலவழித்தது ஜேலன் ஹர்ட்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்குக்கு. ரசிகர்கள் கொதித்தார்கள். 2018-இல் இரண்டாம் சுற்று விலைக்கு விற்க மறுத்த சரக்கை, கிட்டத்தட்ட அதே விலைக்கு வெளியே வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஹர்ட்ஸ்தான் 2025 பிப்ரவரியில் இரண்டாவது சூப்பர் பவுலை ஜெயித்துக் கொடுத்தார்.

விற்காமல் வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர் வென்ட்ஸ். சொந்த ஸ்டேடியத்துக்கு வெளியே தன் பேக்கப்புக்குச் சிலை. ஒரு பந்து தவறினாலும் கூட்டம் யாரை நினைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பயிற்சியாளரால் இதைச் சமாளிக்க முடியாவிட்டால் என் வாதம் பாதி செல்லாது, ஒப்புக்கொள்கிறேன்.

விற்று லாபம் பார்த்ததும் உண்டு. இதே ஈகிள்ஸ் 2016 செப்டம்பரில் குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டை மினசோட்டாவுக்கு விற்றது. அந்த அணியின் குவாட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் பயிற்சியில் முழங்காலை உடைத்துக்கொண்ட சில நாளில், அந்தப் பதற்றத்தில் கிடைத்த விலை முதல் சுற்று இடம். அதில் வந்த டெரிக் பார்னெட்தான் சூப்பர் பவுலின் கடைசி நிமிடங்களில் பிரேடி கைவிட்ட பந்தைப் பிடித்தவர். அருமையான வியாபாரம். ஆனால் அப்போது ஈகிள்ஸ் அடித்தளம் போட்டுக்கொண்டிருந்த அணி. அந்தப் பருவம் 7–9. இழக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே இந்த மார்ச்சில் யாராவது இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று வந்தால் மேலாளர் போனை வைத்துவிடலாம். ஆகஸ்ட் கடைசியில் எங்கோ ஒரு முழங்கால் உடைந்து, முதல் சுற்று என்று ஒருவர் கெஞ்சினால் அப்போது பேசலாம். அதற்கு முன் தன் மூன்றாவது ஆள் யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். 2023 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ இதே பிலடெல்பியாவுக்கு வந்து, ஒரே ஆட்டத்தில் இரண்டு குவாட்டர்பேக்குகளுக்கும் அடிபட்டு, எறிய ஆளில்லாமல் 31–7 என்று தோற்றுப் போனது. அவசரத்துக்கு மூன்றாவது ஆளை வைத்துக்கொள்ள லீக் விதியையே அதன்பிறகுதான் மாற்றினார்கள்.