கோப்பையின் அடிப்பக்கம்

ஜப்பானியப் பழைய பீங்கான் தேநீர் செட்டுகளைச் சேகரிக்கும் ரசிகர்கள், ஒரு கோப்பை கையில் கிடைத்ததும், அதன் பொன்விளிம்பையோ செர்ரி மலரையோ பார்ப்பதற்கு முன்னால், அதைக் குப்புறக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைத்தான் வாசிக்கிறார்கள். வாசிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதைக் கலைஞனின் கையெழுத்தாகப் பாவித்து விலையும் அந்தஸ்தும் வகுப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை.

ஏனெனில், இறக்குமதிச் சரக்கில் அது பிறந்த தேசத்தின் பெயர் இருக்க வேண்டுமென்று 1890-இல் அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் விதித்ததால் வந்ததே ‘நிப்பான்’ முத்திரை. ‘ஜப்பான்’ என்றே பொறிக்க வேண்டுமென்று 1921-இல் அமெரிக்காவே தீர்மானித்ததும் அது மறைந்தது. யுத்தத்தில் தோற்று அந்நிய சேனையின் ஆதிக்கத்தில் இருந்த காலத்தில், ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று தங்கள் அவமானத்தையே ஜப்பானியத் தொழிலாளர் அச்சிட்டு அனுப்ப நேர்ந்தது. இவற்றில் கலைஞனின் சித்தம் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு, ‘நிப்பான்’ சரக்குக்கு மவுசு ஏறியபின் போலி முத்திரைகளும் புறப்பட்டுவிட்டன. (சில கோப்பைகளின் அடிப்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்தால், பீங்கானின் கனம் கூடியும் குறைந்தும் இருப்பதாலேயே உருவாகிய கெய்ஷா மாதின் முகம் உள்ளே தெரியும், அதற்காகக் கவிழ்த்துப் பார்ப்பது வேறு விஷயம்.)

ஆயினும் ஒரு முத்திரைக்கு நான் தலைவணங்குவேன். நகோயாவுக்கு அருகே நோரிட்டாக்கே கிராமத்தில் மொரிமுரா சகோதரர்களின் முயற்சியால் 1904-இல் தோன்றிய ஸ்தாபனம், மேனாட்டு முறையில் முழு விருந்து செட் ஒன்றைச் செய்து முடிக்கப் பத்தாண்டுகள் பிரயாசைப்பட்டது; கோப்பைகளைவிட, சூளையில் கோணாமல் வெந்து வரவேண்டிய அகன்ற தட்டுதான் அவர்களைப் படாதபாடு படுத்தியது. 1914-இல் அதில் ஜயம் பெற்று, பின்னர் உலகெங்கும் கீர்த்தியும் சம்பாதித்த அந்த ஸ்தாபனத்தார், யுத்தம் ஓய்ந்த பின் 1946 முதல் சில காலம், பழைய தரத்தை எட்டாத தங்கள் சரக்கின்மீது சொந்தப் பெயரைப் பொறிக்க மனம் ஒப்பாமல், ‘ரோஸ் சைனா’ என்ற வேறு பெயரிட்டே விற்றார்கள். வயிற்றுப்பாட்டுக்கே வழி தேட வேண்டியிருந்த காலத்தில், சந்தையில் விலை போகக்கூடிய பெயரைத் தாமே ஒளித்துவைத்த அந்த அபிமானத்தை வேறெந்த முத்திரையிலும் நான் கண்டதில்லை.

இரண்டாந்தரச் சரக்கென்று அதை ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். கெண்டிக்கு மூடி இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்ள நான் தயார்.