நிற்கும் மரத்தின் வருவாய்



வெட்டினால் பணம், நின்றால் நிழல் என்பதே மரத்தைப் பற்றி நம் முன்னோர் அறிந்த கணக்கு. இன்றோ, நிற்கும் மரத்திற்கும் பணம் கிடைக்கும் ஏற்பாடு உலகில் தோன்றியுள்ளது. நியூசிலாந்து நாட்டில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பங்களும் இதில் பங்கு கொள்கின்றன. ஆகவே அந்நாட்டை வைத்தே இம்மாதம் இதனைச் சிந்திப்போம்.

வளரும் மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தன் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. 2008 முதல் அந்நாட்டுச் சட்டம் இச்சேமிப்புக்கு விலைமதிப்பு அளித்துள்ளது. 1989-ஆம் ஆண்டிற்குப் பின் உண்டாக்கப்பட்ட காடு, குறைந்தது 1 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் இருப்பின், உரிமையாளர் அதனைப் பதிவு செய்யலாம். காடு உட்கொள்ளும் ஒவ்வொரு டன் வாயுவுக்கும் ஒரு 'கார்பன் கிரெடிட்' அவர் கணக்கில் ஏறும். பெட்ரோல் போன்ற எரிபொருள்களை வழங்கும் நிறுவனங்கள், அவற்றால் வெளிப்படும் வாயுவுக்கு ஈடாக அரசிடம் கிரெடிட்டுகளை ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளன. அவையே இவற்றை விலைக்கு வாங்குகின்றன.

நிலத்தை விற்காமல், மரத்தையும் வீழ்த்தாமல் வரும் வருவாய் அன்றோ! கேட்போர் உள்ளம் மகிழ்வது இயல்பே. ஆயினும் இப்பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பதை நாம் மறத்தலாகாது. மரம் வளர்ந்ததற்காக மட்டும் அன்று. சேர்த்த கரியைக் காடு காத்து வைக்கும் என்ற உறுதிக்காகவே அது தரப்படுகிறது.

அங்கே பைன் மரத்தை ஏறத்தாழ 28-ஆம் ஆண்டில் வெட்டுவது வழக்கம். பழைய கணக்கு முறையில், வெட்டியவுடன் பெற்ற கிரெடிட்டுகளில் பெரும்பகுதியைத் திருப்பித் தர வேண்டும். முன்னரே விற்றுச் செலவழித்தவர், அன்றைய விலைக்கு வாங்கித்தான் தர இயலும். 2023 முதல் புதிதாகப் பதிவாகும் அறுவடைக் காடுகளுக்கு வேறு முறை வந்தது. இதன்படி பைன் காட்டிற்கு முதல் 16 ஆண்டுகள் வரையே கிரெடிட் கிடைக்கும். வெட்டிய பின் மீண்டும் நட்டால் திருப்ப வேண்டியதில்லை. நடாது நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினாலோ கடன் தலைமேல் நிற்கும். நிலம் கைமாறினால் பொறுப்பும் நிலத்தோடு செல்லும். தந்தை பெற்ற பணத்திற்கு மகன் காவலிருக்க நேரும் என்பதே இதன் பொருள்.

விலையும் நிலையானதன்று. 2022-இல் ஒரு கிரெடிட் 80 நியூசிலாந்து டாலருக்கு மேல் விற்றது. 2023-இன் நடுவில் 40 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. ஆயிரம் கிரெடிட் வைத்திருந்தவரின் 80,000 டாலர், ஓராண்டுக்குள் பாதியாயிற்று. மேலும், ஆடு மேய்ந்த பண்ணைகள் பைன் காடுகளாக மாறியதால், தங்கள் சிற்றூர்கள் வெறுமையாகின்றன என்று அம்மக்கள் கவலையுற்றனர். முழுப் பண்ணைகளையும் இவ்வாறு மாற்றிப் பதிவு செய்வதற்கு 2025-இல் சட்டம் வரம்பு விதித்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 171-ஆம் எண்ணில் இவ்வணிகம் பற்றி எச்சரித்துள்ளார். கிரெடிட்டுகளை வாங்கி விற்பது புதியதொரு சூதாட்டமாக மாறக்கூடும் என்றும், மிகுதியாக நுகர்வோர் தம் வாழ்வை மாற்றாதிருக்க அது சாக்காகலாம் என்றும் அவர் அஞ்சினார். புகையைக் குறைக்காதவன் பிறர் காட்டைக் காட்டித் தப்பித்தல் முறையாகுமோ?

அதனால் இவ்வருவாய் தீயது என்று நாம் கூறவில்லை. மேய்ச்சலுக்கும் உதவாத செங்குத்தான மலைச்சரிவில் மரம் நட்டு, மண்ணையும் காத்து, அளவோடு பயன் பெறும் உழவர் நல்லதையே செய்கிறார். ஆனால் இது அறுவடை போன்றதன்று; அடைக்கலப் பொருள் போன்றது. நெல்லை விற்றால் கணக்கு அன்றே முடியும். கரியை விற்றாலோ அன்றுதான் தொடங்கும். பிள்ளைகளைப் பிணைக்கும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுமுன், அப்பிள்ளைகளை அருகில் அமர்த்திப் படித்துக் காட்டுவதே நல்ல பெற்றோருக்கு அழகு.