மின்னுவதைப் பார்த்து வாங்காதீர்கள்

'டூயட்' (1994) படத்தில் கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஸாக்ஸபோன் வேண்டும்" என்று உங்கள் பிள்ளை அடம் பிடிக்கிறானா? கடைக்குக் கிளம்புமுன் இதைச் சற்றுப் படித்துவிட்டுப் போங்கள், அம்மா.

என் தமக்கை அப்படிக் கிளம்பியவள்தான். கண்ணாடி அலமாரியில் எது அதிகமாக மின்னியதோ, அதையே வாங்கி வந்தாள். விலையும் சகாயம். நாலே மாதத்தில் கீக்கள் வளைந்துவிட்டன. கீழ் ஸ்வரங்கள் பேச மறுத்தன. ரிப்பேர்க்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நிமிர்த்தினால் மறுபடி வளையும், அம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பையனோ, தனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிட்டான். போன பணத்தைவிட எனக்கு இதுதான் வருத்தம்.

அந்த மினுமினுப்பு பெரும்பாலும் பித்தளைமேல் பூசிய வார்னிஷ்தான். உடம்பு பித்தளையானாலும், மேல்நாட்டார் ஸாக்ஸபோனை மர வாத்தியங்களோடுதான் சேர்க்கிறார்கள். நாதம் பிறப்பது ஊதுவாயில் பொருத்திய நாணல் பட்டையில் அல்லவா? நம் நாகஸ்வரத்துச் சீவாளிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

1950 வாக்கில் லண்டனில் 'கிராப்டன்' என்ற பிளாஸ்டிக் ஸாக்ஸபோன்கூட வந்தது. 1953 மே மாதம் டொரான்டோ நகரத்தின் மாஸி ஹாலில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்தது கிராப்டனைத்தான். அந்த இசைத்தட்டை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 1994-ல் பார்க்கரின் கிராப்டன் 93,500 பவுனுக்கு ஏலம் போயிற்று. ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும். பழுது பார்ப்பதும் பெரும்பாடு. வித்வான் கையில் பிளாஸ்டிக்கும் பாடும், ஆனால் பள்ளிக்கூடப் பையன் கையில் உழைக்க வேண்டாமா?

பாரிஸ் ஸெல்மர் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த 'மார்க் 6'-க்குக் கனிந்த, ஆழ்ந்த குரல். அதன் கீ அமைப்பைத்தான் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் பின்பற்றினார்கள். விலையோ நமக்கு எட்டாது. பழைய அமெரிக்க 'கான் 6-எம்'முக்கு அகலமான, தடித்த குரல். இடது சுண்டுவிரல்தான் பாவம். ஜப்பானின் யமஹா 62 பளிச்சென்று பேசும். சுருதி ஒழுங்காக நிற்கும், கட்டுமானமும் திடம். மார்க் 6-ன் கனிவு இதில் இல்லை என்பார்கள். கற்றுக்கொள்ளும் குழந்தைக்குக் கனிவைவிடச் சுருதிதான் முக்கியம் என்பது என் கட்சி. புதுசுக்குப் பணம் போதாவிட்டால், நன்றாக வைத்திருந்த பழசே மேல்.

பழசு வாங்கும்போது தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போய், மிகக் கீழ் ஸ்வரத்தை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். திணறினால், துளைகளை மூடும் தோல் மெத்தைகள் எங்கேயோ சரியாகப் படியவில்லை. இருட்டறையில் குழாய்க்குள் சின்ன விளக்கை இறக்கி, துளைகளை மூடிப் பார்த்தால் கசிவு உள்ள இடத்தில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

தமக்கை இந்தத் தடவை அப்படித்தான் சோதித்து ஒரு பழைய யமஹாவை வாங்கியிருக்கிறாள். பையன் தினமும் சாயங்காலம் வாசிக்கிறான். மாடி வீட்டுக்காரரின் அபிப்பிராயத்தை மட்டும் இன்னும் கேட்கவில்லை.